மேஜை மேலே ஒரு வெளியூர்

"புறப்படும் இடம், போய்ச் சேரும் இடம் இரண்டுமே வெளியூராக இருக்கக் கூடாது."

இப்படி ஒரு கம்ப்யூட்டர் சொல்லியிருக்கிறது. யாரிடம் தெரியுமா? சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலையில் லாப்டாப்பை வைத்துக்கொண்டு, அதன் பக்கத்திலேயே கையகலத்துக்கு ஒரு வெளி டிஸ்க்கையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு வாசக சகோதரியிடம்! "இரண்டும் ஒரு முழ தூரத்தில்தான் இருக்கின்றன. இதில் எது வெளியூர், சொல்லுங்கள்" என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்தது வாஸ்தவம். ஆனால் கடிதத்தை முழுவதும் படித்த பிறகு சிரிக்கத் தோன்றவில்லை. அவருடைய தகப்பனார் நன்றாகப் பாடுவாராம். கச்சேரி வித்வான் அல்ல. மாலை வேளையில் பேரக் குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாடுகிறவர். அதையெல்லாம் போனில் பதிவு செய்து, லாப்டாப்பில் போட்டு வைத்திருக்கிறார் இந்தச் சகோதரி. தகப்பனார் காலமாகி இரண்டு வருஷமாகிறது. அந்தப் போனும் இப்போது இல்லை. லாப்டாப்போ கிழடு, நினைத்தபோது அணைந்து போகிறது. கல்லூரியில் படிக்கும் தம்பி லீவில் வந்தவன், "கவலைப்படாதே அக்கா" என்று ஆர்ஸிங்க் என்கிற ஒரு யூனிக்ஸ் புரோகிராமைப் போட்டுக் கொடுத்து, "ஒரே ஒரு வரி எழுது, ராத்திரிக்கு ராத்திரி நகல் எடுத்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். பரீட்சை சமயம், போன் செய்தாலும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. "உனக்கெதற்கு இந்த வம்பெல்லாம்?" என்று வீட்டில் மற்றவர்கள் கேட்கிறார்களாம்.

வம்பு இந்த அம்மாளுடையது அல்ல. இரண்டு குடும்பங்களுக்குள் வெகு காலமாக இருந்துவரும் வழக்க வித்தியாசம் இது. நடுவில் இவர் மாட்டிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

அவர் எழுதிய விலாசம் என்ன? விண்டோஸ் ஜன்னலின் மேற்புறத்தில் எப்படி இருந்ததோ அப்படியே எழுதியிருக்கிறார். புறப்படும் இடம் "ஸி:\யூஸர்ஸ்\வீடு\அப்பா பாட்டு". போய்ச் சேரும் இடம் "ஈ:\அப்பா பாட்டு". (அச்சில் தமிழ் எழுத்தாகப் போட்டிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்துக்களில் தட்டவேண்டும். ஃபோல்டரின் பெயரை மட்டும் உங்கள் டிஸ்க்கில் எப்படி இருக்கிறதோ அப்படியே.)

விண்டோஸ்காரர்கள் கண்ணுக்கு இதில் ஒரு குற்றமும் தெரியாது. ஆனால் ஆர்ஸிங்க் பிறந்த வீடு யூனிக்ஸ். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குச் சாமான்களை அனுப்புவதும் அதற்குப் பிடித்தமான வேலை. அதன் பாஷையில், விலாசத்தின் நடுவே மேலும் கீழுமாக இரண்டு புள்ளி வந்தால், முன்னால் இருப்பது வேறொரு கம்ப்யூட்டரின் பெயர். பின்னால் இருப்பது அங்கே உள்ள இடம். ஆகவே "ஸி:" என்றதும், "ஓகோ, ஸி என்று எங்கோ ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது போலிருக்கிறது" என்று எண்ணிக்கொண்டது. "ஈ:" என்றதும் அதையும் இன்னொரு கம்ப்யூட்டர் என்று எண்ணிக்கொண்டது. வெளியூரிலிருந்து வெளியூருக்கு அனுப்புகிற வேலையை அது செய்வதில்லை. அதனால்தான் அந்தப் பதில். இரண்டில் ஒன்றை மட்டும் இப்படி எழுதியிருந்தால், "ஸி என்ற பெயரில் ஒருவரும் இல்லையே" என்கிற மாதிரி வேறொரு புகார் வந்திருக்கும். ஆர்ஸிங்க் மட்டும் அல்ல, டார் என்கிற மூட்டை கட்டும் புரோகிராமுக்கும் இதே சுபாவம் உண்டு. "அப்பா, இது உள்ளூர்தான்" என்று அதற்குச் சொல்வதற்கென்றே தனியாக ஓர் ஆணைச் சொல்லை வைத்திருக்கிறார்கள் என்றால் பாருங்களேன்.

இந்த "ஸி" எங்கிருந்து வந்தது என்று நீங்கள் எப்போதாவது யோசித்ததுண்டா? ஏயும் பியும் எங்கே போயின? அவை பழைய ஃப்ளாப்பி டிஸ்க்குகளுக்குரிய எழுத்துக்கள். டிஸ்க்குகளுக்கு இப்படி எழுத்தால் பெயர் வைக்கும் வழக்கம் ஸி.பி./எம். என்ற பழைய ஏற்பாட்டிலிருந்து, 1981-ல் வெளிவந்த எம்.எஸ்.டாஸுக்கு வந்தது. 1983-ல் ஐ.பி.எம். கம்பெனியார் எக்ஸ்.டி. என்ற கம்ப்யூட்டரில் உள்ளேயே ஒரு ஹார்டு டிஸ்க்கை வைத்து விற்றபோது, அதற்கு அடுத்த எழுத்தான ஸி கிடைத்தது. ஃப்ளாப்பி டிஸ்க்குகள் மறைந்து போயின. மூத்தவர்கள் இருவரும் போன பிறகும் மூன்றாவது பிள்ளைக்கு இன்னும் மூன்றாவது எழுத்துத்தான்!

யூனிக்ஸ் குடும்பத்தில் இந்த எழுத்து வழக்கம் கிடையாது. 1969-ல் அமெரிக்காவில் நியூ ஜெர்ஸியில் உள்ள பெல் ஆராய்ச்சிச் சாலையில் கென் தாம்ஸனும் டெனிஸ் ரிச்சியும் அதைத் தொடங்கினார்கள். அங்கே எத்தனை டிஸ்க் இருந்தாலும் வீடு ஒன்றுதான், வாசல் ஒன்றுதான். அந்த வாசலுக்கு அடையாளம் ஒரு சாய்ந்த கோடு: "/". புதிதாக ஒரு டிஸ்க் வந்தால், கூட்டுக் குடும்பத்தில் புது மருமகளுக்கு ஓர் அறையை ஒழித்துக் கொடுப்பதுபோல உள்ளே ஓர் இடத்தைக் காட்டி அதில் சேர்த்துக்கொள்வார்கள். விண்டோஸோ தெருவில் வரிசையாகத் தனித்தனி வீடு கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் கதவிலக்கம் போட்டுக்கொண்டவர்கள்.

கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதிலும் ஒரு கதை இருக்கிறது. முதலில் வந்த டாஸில் ஃபோல்டர்களே கிடையாது. "/" என்ற கோட்டை, புரோகிராமுக்கு இன்ன மாதிரி வேலை செய் என்று சொல்வதற்கு உபயோகப்படுத்திவிட்டார்கள். 1983-ல் இரண்டாவது டாஸ் வந்தபோது, யூனிக்ஸைப் பார்த்து ஃபோல்டர்களைக் கொண்டுவந்தார்கள். கோட்டையும் அப்படியே கொண்டுவரலாம் என்றால், அதற்கு ஏற்கெனவே வேறு உத்தியோகம் கொடுத்தாகிவிட்டது! ஆகவே எதிர்ப்பக்கம் சாய்ந்த "\" வந்து சேர்ந்தது. (ஜப்பானில் விற்ற விண்டோஸில் அந்த இடத்தில் அவர்களுடைய யென் நாணயத்தின் அடையாளம் தெரியும், கொரியாவில் வோன் அடையாளம். ஒவ்வொரு ஃபோல்டரைத் திறக்கும்போதும் காசு கேட்கிறதோ என்று நமக்குத் தோன்றும், அவர்களுக்குப் பழகிவிட்டது.)

இதில் வினை என்னவென்றால், யூனிக்ஸ் வீட்டில் அந்த "\" கோட்டுக்கும் ஏற்கெனவே ஓர் உத்தியோகம் உண்டு. "எனக்கு அடுத்து வரும் எழுத்தை எழுத்தாகவே எடுத்துக்கொள், அதற்கு விசேஷ அர்த்தம் பண்ணாதே" என்று சொல்லிவிட்டுத் தான் மறைந்துவிடும். ஆகவே நீங்கள் அந்தக் கறுப்பு ஜன்னலில் ஸி:\யூஸர்ஸ்\வீடு என்று மேற்கோள் குறி இல்லாமல் தட்டினால், புரோகிராமின் காதில் விழுவது "ஸி:யூஸர்ஸ்வீடு". கோடுகளை நடுவில் இருக்கும் மத்தியஸ்தர் விழுங்கிவிட்டார்!

சரி, அப்படியானால் விண்டோஸ் கம்ப்யூட்டரில் யூனிக்ஸ் புரோகிராம் எப்படித்தான் ஓடுகிறது? நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டுதான். அவர்களில் மூன்று பேர் பிரசித்தம். மூவரும் ஸி டிஸ்க்கை மூன்று விதமாகக் கூப்பிடுகிறார்கள். குழப்பத்தில் பாதி இதனால் வருவதுதான்.

மூத்தவர் ஸிக்வின். 1995-ல் ஸிக்னஸ் ஸொல்யூஷன்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியில் பிறந்தவர். நம் சகோதரியின் தம்பி போட்டுக் கொடுத்தது இதைத்தான். இவர் வீட்டில் ஸி டிஸ்க்குக்கு "/ஸிக்டிரைவ்/ஸி" என்று பெயர். ஸி, ஒய், ஜி என்று மூன்றெழுத்து, அதோடு ஒட்டி டிரைவ். ஈ டிஸ்க் "/ஸிக்டிரைவ்/ஈ".

இன்னொருவர் கிட் பாஷ். புரோகிராம் எழுதுகிற உத்தியோகத்தில் இருக்கும் பெண்கள் இவரை நன்றாக அறிவார்கள். இவரிடம் வெறும் "/ஸி" என்றால் போதும். ஆனால் இவருக்கு அளவுக்கு மீறிய உபகார குணம். கேளாமலேயே உதவி செய்கிற பக்கத்து வீட்டு மாமியைப் போல, நீங்கள் விண்டோஸ் புரோகிராம் ஒன்றுக்கு "/" என்று தொடங்கும் ஏதாவது ஒரு சொல்லைக் கொடுத்தால் போதும்; விலாசம் என்று தாமே தீர்மானித்து, அதன் முன்னால் "ஸி:/புரோகிராம் ஃபைல்ஸ்/கிட்" என்று சேர்த்து அனுப்பிவிடுவார். அது விலாசமே அல்ல, ஓர் ஆணை என்று நீங்கள் தலையில் அடித்துக்கொண்டாலும் கேட்கமாட்டார். முன்னால் ஒரு கோட்டுக்கு இரண்டு கோடாக "//" என்று போட்டால் பெரும்பாலும் சும்மா இருப்பார்.

மூன்றாமவரை மைக்ரோஸாஃப்ட் கம்பெனியே 2016-ல் கொண்டுவந்தது. டபிள்யூ.எஸ்.எல். என்பார்கள். இவர் ஸி டிஸ்க்கை "/எம்என்டி/ஸி" என்று அழைக்கிறார்.

மூன்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் வீட்டில் இருப்பது யார் என்று தெரிந்தால் போதும். மாற்றி எழுதுவதையும் அவர்களிடமே விட்டுவிடலாம். ஸிக்வினில் ஸிக்பாத் என்றும், டபிள்யூ.எஸ்.எல்.லில் டபிள்யூஎஸ்எல்பாத் என்றும் ஒவ்வொரு சின்னப் புரோகிராம் உண்டு. அதன் பெயரைத் தட்டி, "-யு" என்று போட்டு, விண்டோஸ் விலாசத்தை ஒற்றை மேற்கோள் குறிக்குள் கொடுத்தால், யூனிக்ஸ் விலாசத்தைச் சொல்லிவிடும். இன்னும் சோம்பலாக இருந்தால், ஸிக்வின் ஜன்னல் மேல் அந்த ஃபோல்டரையே மவுஸால் இழுத்துவந்து போடுங்கள். விலாசம் தானாக விழும். எனக்கு இந்த வழிதான் மிகவும் பிடிக்கிறது.

ஒற்றை மேற்கோள் குறி என்று சொன்னேன் அல்லவா? அது அலங்காரம் அல்ல. "அப்பா பாட்டு" என்பதன் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. யூனிக்ஸ் ஜன்னலில் இடைவெளி என்றால் ஒரு சாமான் முடிந்து அடுத்த சாமான் தொடங்குகிறது என்று அர்த்தம். குறி போடாவிட்டால் "அப்பா" என்று ஒரு ஃபோல்டரையும் "பாட்டு" என்று இன்னொன்றையும் தேடிக்கொண்டு போய்விடும். நகல் எடுக்கும்போது இப்படி நடந்தால் காணோம் என்று சொல்லிவிட்டு நிற்கும். பெரிய நஷ்டம் இல்லை. அழிக்கிற வேலையில் நடந்தால்? 2001 நவம்பரில் ஆப்பிள் கம்பெனியாரின் ஐட்யூன்ஸ் இரண்டாம் பதிப்பு வந்தபோது நடந்தது அதுதான். மாக் கம்ப்யூட்டரின் உள்ளே இருப்பதும் யூனிக்ஸ் வம்சம். பழைய பதிப்பை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும் சின்னப் புரோகிராமில் மேற்கோள் குறி போடாமல் விட்டுவிட்டார்கள். டிஸ்க்கின் பெயரில் இடைவெளி வைத்திருந்த சில பேருக்கு டிஸ்க்கில் இருந்ததெல்லாம் அழிந்து போயிற்று. ஆப்பிள் அவசரம் அவசரமாக அந்தப் பதிப்பைத் திரும்பப் பெற்று வேறு வெளியிட்டது. அப்பேர்ப்பட்ட கம்பெனிக்கே அப்படி என்றால், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தட்டுகிற நாம் ஒரு குறியைப் போட்டுவிடுவதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

விண்டோஸிலும் இந்தத் தொல்லையை உணர்ந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு காலத்தில் "டாக்குமெண்ட்ஸ் அண்ட் ஸெட்டிங்ஸ்" என்று கல்யாணப் பத்திரிகை மாதிரி நீளமாக இருந்த ஃபோல்டர், 2007-ல் விஸ்டா வந்தபோது "யூஸர்ஸ்" என்று ஒரே சொல்லாகச் சுருங்கிவிட்டது. "புரோகிராம் ஃபைல்ஸ்" மட்டும் இடைவெளியோடு இன்னும் நீடிக்கிறது.

இனி, கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த பகுதிக்கு வருகிறேன். அந்தச் சகோதரி கடைசியில் எழுதியிருப்பது இது: "தம்பி போனில் சொன்னபடி முதல் விலாசத்தை மாற்றிவிட்டேன். சேருமிடத்தைக் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டான். அதனால் எழுத்தையும் புள்ளிகளையும் எடுத்துவிட்டு '/நகல்' என்று மட்டும் எழுதினேன். ஒரு புகாரும் இல்லாமல் ஓடி முடிந்தது. ஆனால் வெளி டிஸ்க்கைத் திறந்து பார்த்தால் ஒன்றையும் காணோம். நகல் ஆயிற்றா, ஆகவில்லையா?"

ஆயிற்று, அம்மா. ஆனால் எங்கே? "/" என்பது யூனிக்ஸ் வீட்டின் வாசல் என்றேன். ஸிக்வினுக்கு அந்த வாசல் எது தெரியுமா? அதை நிறுவியபோது அது உட்கார்ந்துகொண்ட ஃபோல்டர், சாதாரணமாக ஸி:\ஸிக்வின்64. ஆகவே "/நகல்" என்றால் ஸி:\ஸிக்வின்64\நகல். அதாவது, நினைத்தபோது அணைந்து போகிற அதே லாப்டாப்பில், அதே ஸி டிஸ்க்கில் பாட்டுகள் இப்போது இரண்டு இடத்தில் இருக்கின்றன. டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்து போகும். கத்துகிற புரோகிராமை விட, சாதுவாக முடித்துவிட்டுப் போகிற புரோகிராமிடம்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும். இவர் வெளி டிஸ்க்கைத் திறந்து பார்த்தாரோ, பிழைத்தார்! வேலை முடிந்தது என்று மூடி வைத்திருந்தால்?

டபிள்யூ.எஸ்.எல். வைத்திருப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அது ஓட ஆரம்பித்த பிறகு நீங்கள் வெளி டிஸ்க்கைச் செருகினால், அதைத் தானாகச் சேர்த்துக்கொள்ளாமல் இருந்துவிடலாம். "/எம்என்டி/ஈ" என்று வெறும் ஃபோல்டர் மட்டும் இருந்து, டிஸ்க் அங்கே சேர்க்கப்படாமல் இருந்தால், நீங்கள் அனுப்புகிற சாமான் எல்லாம் லாப்டாப்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று எல்.எஸ். ஆணையால் பட்டியல் போட்டுப் பாருங்கள். வெளி டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் சாமான்களின் பெயர்கள் தெரிந்தால்தான் அது டிஸ்க். ஒன்றும் தெரியாவிட்டால் அது வெறும் அறை.

சரி, அந்த ஒரு வரியை இப்படி எழுதவேண்டும்:

ஆர்ஸிங்க் -ஆர்டிவி '/ஸிக்டிரைவ்/ஸி/யூஸர்ஸ்/வீடு/அப்பா பாட்டு/' '/ஸிக்டிரைவ்/ஈ/அப்பா பாட்டு/'

முதல் சொல்லை ஆர், எஸ், ஒய், என், ஸி என்று தட்டுங்கள். சிறு கோட்டுக்குப் பின்னால் வரும் மூன்றெழுத்தில், ஆர் என்பது உள் ஃபோல்டர்களையும் சேர்த்து எடு என்பதற்கு. டி, பதிவு செய்த தேதியை மாற்றாதே என்பதற்கு. வி, செய்வதைச் சொல்லிக்கொண்டே செய் என்பதற்கு. அப்பா எந்தத் தேதியில் எதைப் பாடினார் என்பது உங்களுக்கு முக்கியமாக இருக்கும் என்பதால் டியை விட்டுவிடாதீர்கள்.

முதல் விலாசத்தின் கடைசியில் இருக்கும் கோட்டைக் கவனித்தீர்களா? அது இருந்தால் "ஃபோல்டருக்குள் இருப்பதை எடு" என்று பொருள். இல்லாவிட்டால் "ஃபோல்டரோடு சேர்த்து எடு". மறந்துவிட்டால் "அப்பா பாட்டு"க்குள் இன்னொரு "அப்பா பாட்டு" வந்து உட்காரும். டப்பாவுக்குள் டப்பா. பெரிய பாதகம் இல்லை.

பாதகம் வேறொன்றில் இருக்கிறது. "டிலீட்" என்று ஓர் ஆணையை இந்த வரியில் சேர்க்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதைச் சேர்த்தால், புறப்படும் இடத்தில் இல்லாததையெல்லாம் சேருமிடத்தில் அழித்துவிடும். சேருமிடத்தை "/ஸிக்டிரைவ்/ஈ/" என்று பாதியில் நிறுத்தி, டிலீட்டையும் போட்டால், அந்த டிஸ்க்கில் நீங்கள் வைத்திருக்கும் கல்யாணப் படங்களும் வீட்டுப் பத்திர நகல்களும் காலி! உங்களுக்கு இப்போது அது வேண்டவே வேண்டாம். தம்பியே சொன்னாலும் வேண்டாம்.

வரியை முதல் முறை ஓட்டும்போது "-ஆர்டிவி"யோடு என் என்ற எழுத்தையும் சேர்த்து, "-ஆர்டிவிஎன்" என்று தட்டுங்கள். அப்போது ஒன்றையும் செய்யாது. செய்யப் போவதைப் பட்டியலாக மட்டும் காட்டும். ஒத்திகை மாதிரி. பட்டியலில் பாட்டுகளின் பெயர்கள் சரியாக வருகின்றனவா என்று பார்த்துவிட்டு, என்னை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

ஓடி முடிந்ததும், வெளி டிஸ்க்கை முறையாகக் கழற்றி, வேறு ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி, அதிலிருந்தே இரண்டு மூன்று பாட்டுகளைப் போட்டுக் கேளுங்கள். பெயர் மட்டும் இருந்தால் போதாது, குரல் வரவேண்டும். அது வந்த பிறகு, ஸி:\ஸிக்வின்64 ஃபோல்டருக்குள் கிடக்கும் அந்தத் தவறான நகலை அழிக்கலாம். அதை விண்டோஸ் ஜன்னலிலேயே செய்யுங்கள். ரீஸைக்கிள் பின்னில் போய் விழும், மனம் மாறினால் எடுத்துக்கொள்ளலாம். யூனிக்ஸ் ஆணையால் அழித்தால் அந்தக் கூடை கிடையாது.